சந்தனம் பூசிய பேட்டரி

எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் முடியாது என்று சொல்லிவிட மாட்டார்கள். "பார்க்கலாமுங்க" என்பார்கள். "அதுக்கென்னுங்க, செஞ்சுபோடலாம்" என்பார்கள். விருப்பமில்லை என்பதை எதிராளியே மெல்லப் புரிந்துகொண்டு, காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போக வேண்டும். இந்த மரியாதையில் சிக்கித்தான் என் அப்பா எங்கள் டிராக்டரை ஏறக்குறைய விற்றேவிட்டார்.

யோசனை சித்தப்பாவுடையது. வண்டி பழசாகிவிட்டது, உழவுக்கு வாடகை வண்டி கூப்பிட்டால் போகிறது என்றார். கிணத்துக்கடவில் தோப்பு வைத்திருந்த அவருடைய மச்சான் தேங்காய் ஏற்ற ஒரு பழைய டிராக்டர் தேடிக்கொண்டிருந்தார். அப்பா வழக்கம்போல "பார்க்கலாம்" என்றார். சித்தப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து மச்சானை வரச் சொல்லிவிட்டார். சொந்தக்காரர் கிளம்பி வருகிறார் என்றான பிறகு அப்பாவால் வாயைத் திறக்க முடியவில்லை.

என்னை யாரும் கேட்கவில்லை. அந்த வண்டியின் முகப்பில் மஞ்சள் எழுத்தில் எழுதியிருந்தது என் பெயர். நான் பிறந்த வருஷம் எழுதியது. அது கிணத்துக்கடவுக்குப் போய் யாருடைய தோப்பிலோ தேங்காய் சுமக்கும், அங்கே அதை அழித்துவிட்டு வேறு பிள்ளையின் பெயரை எழுதுவார்கள் என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை. ஆயுத பூஜையன்று பொரிகடலை வைத்த தட்டைக்கூட நான் தொடவில்லை.

அன்றைக்கு வண்டியை இரட்டிப்பாகக் கழுவினார்கள். பேட்டரியைக் கழற்றி வாழையிலை மேல் வைத்து, அம்மா குழைத்த சந்தனத்தை அள்ளிக்கொண்டு உட்கார்ந்தார். பூஜையில் ஒரு ஸ்பேனர்கூடப் பொட்டில்லாமல் இருக்கக்கூடாது என்பது அம்மாவின் கட்சி. பேட்டரியின் மேலே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு ஈய முனைகளைப் பார்த்துவிட்டு, "கொம்பு ரெண்டும் வெறுமனே இருக்குது பாரு" என்று மாட்டுக்குப் பூசுவது மாதிரி சுற்றிலும் தாராளமாகப் பூசிவிட்டார். சாயங்காலம் அப்பா பேட்டரியை வண்டியில் ஏற்றி, சந்தனத்தின் மேலேயே ஒயர்களின் கிளாம்பை மாட்டி முடுக்கினார். சந்தனம் பூசியது பக்தியால் மட்டும்தான் என்று அம்மா இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

மறுநாள் காலையில் காரில் வந்து இறங்கிய கிணத்துக்கடவு மாமா வெள்ளை வேட்டியில் பளிச்சென்றிருந்தார். காப்பி ஆயிற்று. மழை, தேங்காய், பிள்ளைகள் படிப்பு எல்லாம் பேசியாயிற்று. கடைசியில் அப்பா வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். டிக் என்றது. மறுபடி திருப்பினார். மறுபடியும் டிக்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அப்பாவை நினைத்து வெட்கமாகிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் எந்த டிராக்டர் நின்றாலும் ஒயர் வேலைக்கு அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். போனதும் அவர் கை முதலில் பேட்டரிக்குத்தான் போகும். "முனையத் தொடச்சுட்டு அப்புறம் மத்ததப் பாருங்க" என்பதை நானே எத்தனையோ தோட்டங்களில் கேட்டிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவர் அன்றைக்கு ஃபியூஸைக் கழற்றி வெயிலில் காட்டிப் பார்த்தார். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுத்தியலால் தட்டினார். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்ப, விளக்கு அப்படியே அணைந்தது. "என்னமோ கோளாறுங்க" என்றார், பெரிய டாக்டர் கைவிரித்த மாதிரி.

சித்தப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஊரு வண்டியெல்லாம் ஓட வெச்சுக் குடுக்கறீங்க, நம்ம ஊட்டு வண்டி இப்படி நிக்குதேண்ணா" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வண்டி போனாலும் போகட்டும், அப்பா தலைகுனிய வேண்டாம் என்று தோன்றிவிட்டது. "அப்பா, பேட்டரி முனையில சந்தனம் ஒட்டியிருக்குதுங்க" என்று எல்லார் காதிலும் விழும்படி கத்தினேன்.

அப்பா என் தலையில் கை வைத்தார். "அது சாமிக்கு வெச்சது கண்ணு. அதையத் தொடக்கூடாது" என்றார்.

மாமா பேட்டரியைக் குனிந்து பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு முகப்பில் இருந்த என் பெயரைப் பார்த்து, "இது பாப்பா பேருங்களா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

சித்தப்பா விடுவதாயில்லை. மாமாவின் காரைப் பக்கத்தில் கொண்டுவரச் செய்து, அதன் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுக்கலாம் என்று கேபிளை எடுத்துவந்தார். "குடு, நான் மாட்டறேன்" என்று அப்பா அதை வாங்கிக்கொண்டார். கேபிளின் கவ்வியை ஒயர் மாட்டியிருந்த கிளாம்பில் வைத்திருந்தால் வண்டி அந்தக் கணமே உறுமியிருக்கும். அப்பா அதைச் சந்தனத்துக்கு மேலே எட்டிப்பார்த்த ஈய நுனியில், நிதானமாக, ஒட்டியும் ஒட்டாமலும் வைத்தார். கரண்ட் பேட்டரிக்கு வந்தது, சந்தனத்தைத் தாண்டி வண்டிக்குப் போகவில்லை. நான் கார் ஓட்டக் கற்று, ஒரு நாள் சிங்காநல்லூரில் நடுரோட்டில் நின்று இதே மாதிரி கவ்வியைக் கையில் பிடித்தபோதுதான் அந்தக் காட்சி எனக்கு விளங்கியது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். பின்னால் நின்ற பஸ்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது.

அன்றைக்கு மறுபடியும் டிக்தான்.

"விடுங்க மாப்ள" என்றார் மாமா அப்பாவிடம், வேட்டியைத் தட்டிக்கொண்டே. "நல்ல நாளும் அதுவுமா வண்டி கிளம்ப மாட்டேங்குது. அதுக்கே வர மனசில்லைங்க போல. நான் வேற பாத்துக்கறேன்." சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்து, "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அப்பா இரண்டு கையையும் கூப்பி, "வெறுங்கையா அனுப்பறமேங்க" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். சொன்ன கையோடு காரில் ஒரு தார் வாழைப்பழம் ஏற்றப்பட்டது. மாமா ஏறும்போது என்னைக் கூப்பிட்டு, "பேரு நல்லா எழுதியிருக்குது அம்மணி. அழியாமப் பாத்துக்கோ" என்றார்.

கார் தோட்டத்து வழியில் இறங்கியது. சித்தப்பா முணுமுணுத்தபடி வீட்டுக்குள் போனார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்தார், கிளாம்பைக் கழற்றி முனைகளை அழுத்தித் துடைத்தார், மாட்டி முடுக்கிவிட்டு ஏறிச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே வண்டி கரும்புகையைக் கக்கிக்கொண்டு உறுமியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய் என் பெயர் இருந்த இடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், தகரம் அதிர்ந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. சாவியிலிருந்து கையை எடுக்காமல், பெருமூச்சு விட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அப்போது வழியின் கடைசி வளைவில், புளியமரத்தடியில் நின்றிருந்த மாமாவின் கார் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு நகர்ந்தது. ஆடு ஏதோ குறுக்கே வந்திருக்கும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.