ஏழாவது மாடியை மட்டும் விட்டுவிடுங்கள்

தொட்டிலக்கா என்று சொன்னால் அந்தத் தெருவில் தெரியாத காவலாளி கிடையாது. மொட்டைமாடியிலிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கும் தொட்டிலில் நின்றுகொண்டு, கட்டடங்களின் அலுமினிய முகத்தைக் கழுவிவிடுவது அவள் வேலை. உள்ளே எந்த லட்சணத்தில் இருந்தாலும் வெளியே பளபளக்க வேண்டும் என்பதில் கட்டடங்கள் நம்மைப் போலத்தான். அவள் வீட்டுக் கதவு தகரம். அதன் பக்கம் அவள் துணியைக் கொண்டுபோனதே இல்லை.

பல வருஷமாக அவள் கழுவிவரும் கட்டடத்தில்தான் மருமகனுக்கு வேலை கிடைத்தது. ஏழாவது மாடி, ஜன்னலோர மேசை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தொட்டில் அந்த ஜன்னலுக்கு ஏறியதும் ஈரக் கையால் கண்ணாடியைத் தட்டி, இருக்கிற பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

மருமகனின் பக்கத்தில் நின்றவர் ஏதோ கேட்டார். மருமகன் இவளைப் பார்த்தான். இல்லை என்று தலையை ஆட்டினான். பிறகு திரையை இழுத்துவிட்டான்.

கண்ணாடி சத்தத்தைத்தான் தடுக்கும்.

அன்று சாயங்காலமே மகளும் மருமகனும் வந்துவிட்டார்கள். இருக்கிற ஒரே நாற்காலியில் மருமகன், நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, அவருக்கு ஆபீஸ்ல ஒரு மாதிரியா இருக்காம். வேலையை விட்டுடேன். எங்ககூட வந்து இரு."

"உங்க வீட்டுல என்னத்தடி கழுவறது?"

மருமகன் கனைத்துக்கொண்டான். "வேலையை விட வேண்டாம் அத்தை. ஏழாவது மாடியை மட்டும் விட்டுடுங்க."

"அவ்வளவுதானே மாப்பிள்ளை? விட்டுட்டாப் போச்சு."

இவ்வளவு சுலபமாக அம்மா எதற்கும் தலையாட்டி மகள் பார்த்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அலுமினியத் தகட்டில் சோப்பைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். மேலே போட்ட சோப்புத் தண்ணி கழுவாத அழுக்கின் மேல் வழிந்தால் கோடுகோடாகத் தங்கிவிடும். அக்கா ஆறாவது மாடி வரை அழகாகக் கழுவினாள். ஏழாவதை மரியாதையாகத் தாண்டினாள். எட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். வழிந்ததெல்லாம் ஏழாவது மாடியில் இறங்கியது. ஆறுக்கு மட்டும் திரும்ப வந்து நல்ல தண்ணி விட்டாள்.

மறுநாள் காலையில் தெருவே அண்ணாந்து பார்த்தது. மேலும் கீழும் கண்ணாடி போல மின்ன, நடுவில் ஒரே ஒரு மாடி அழுது மை கரைந்த மூஞ்சியாக நின்றது. ஏழாவது மாடிக்காரர்கள் கும்பலாகக் கீழே இறங்கிவந்து, தங்கள் மாடியைத் தாங்களே பார்த்து வெட்கப்பட்டார்கள்.

கட்டட மேலாளர் குதித்தார். "யாரும்மா விடச் சொன்னது?"

"மேல இருக்கறவர்தான் சார்."

"மேலன்னா? முதலாளியா?"

"அவ்வளவு மேல இல்ல சார். ஏழாவது மாடி. விடச் சொன்னவரே வந்து கழுவச் சொல்லட்டும். இல்லேன்னா வேற ஆளப் பார்த்துக்குங்க. அந்த மாடியில நான் கை வைக்க மாட்டேன்."

மேலாளரின் முகம் போன போக்கிலேயே, வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. தரையில் இறங்கியிருந்த தொட்டிலின் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

கும்பலின் பின்னாலிருந்து மருமகன் வந்தான். கழுத்து டையைச் சரிசெய்தான். சரியாக இருந்ததை மறுபடி சரிசெய்தான்.

"அத்தை... ஏழாவதையும் கழுவிடுங்க."

"அத்தையா?" என்றார் மேலாளர். அன்று ஜன்னலருகே கேட்டவரும் திரும்பிப் பார்த்தார்.

மருமகன் தரையைப் பார்த்துச் சொன்னான். "என் மனைவியோட அம்மா."

அக்கா இடுப்பு வாரை மாட்டினாள். வாளியை உள்ளே வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மாப்பிள்ளை. மோட்டார் சத்தத்துல ஒண்ணும் காதுல விழல."

மோட்டாரை அவள் இன்னும் போடவேயில்லை.