நிறை கேட்ட விமானி

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ரொக்கி மலைக்குப் போன சுற்றுலாவில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் வந்தார். ஆளுக்கு முன்னே வரும் தொப்பை, அதை மூடக் கோட்டு. மலைகளைச் சுற்றிக்காட்டும் குட்டி விமானத்தில் ஏற்றுமுன் விமானி எல்லோரிடமும் நிறை கேட்டாள். அவர் கூசாமல் நூற்றைம்பது இறாத்தல் என்றார்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. பிளேன் விழுந்திடும்" என்றேன்.

"தம்பி, அப்பார்ட்மென்ட் எடுக்கேக்கை எட்டுப் பேரை மூண்டு எண்டுதான் சொன்னனான். வெள்ளையள் கேட்டால் குறைச்சுத்தான் சொல்லோணும்."

சீ, என்ன மனிதர்!

விமானி தராசைக் கொண்டுவந்தாள். அவர் இருநூற்றுப்பத்து. உரக்கச் சிரித்தவன் நான்தான். அடுத்து என்னை ஏற்றினாள். நான் சொன்னதைவிட முள் இருபது கூடக் காட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.