அண்ணன் காத்திருந்த கையெழுத்து

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டாகிறது. அவர் ஊத்துக்கோட்டை அருகே பிறந்தது, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக ஓய்வுபெற்றது, அண்ணியார் முந்திக்கொண்டது, பிள்ளைகள் இல்லாதது எல்லாம் உறவினர்கள் அறிந்தவை. அறியாததை எழுதுகிறேன்.

நூலகத்தில் படித்த ஒரு வரலாற்றை அண்ணன் அடிக்கடி சொல்வார். வாழவிடாமல் விரட்டப்பட்ட யூதர்களுக்கு, அவர்களுள் ஒரு செல்வந்தர் கடல் கடந்து நிலம் வாங்கி, கப்பலேற்றி, ஏரும் விதையும் கொடுத்துக் குடியமர்த்தினாராம். செங்கல் சூளையில் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட ஆறு குடும்பங்கள் போக்கிடமின்றி நின்றபோது, அண்ணன் அவர்களை எங்கள் பூர்வீக நிலத்துக்கு அழைத்துவந்தார்.

"அவருக்குக் கப்பலு. நமக்கு ஷேர் ஆட்டோ கீதுல்ல?" என்றார்.

முதல் போகத்தில் அவர்கள் செங்கல் மண்ணை மிதிக்கும் பழக்கத்தில் சேற்றை ஆழமாக மிதித்துவிட, நட்ட நாற்று அமிழ்ந்துபோனது.

"நைனா, கல்லு அறுக்கச் சொல்லியிருந்தா இந்நேரம் ஒரு ஊடே கட்டியிருப்போம்" என்றார் அவர்களில் மூத்தவரான முனியம்மா. அண்ணன் சிரித்துக்கொண்டே மறு நாற்றுக்கு ஏற்பாடு செய்தார்.

அவருக்கு ஒரே கவலைதான். "அந்தக் கதையில இன்னா தப்பு தெரியுமா? நெலம் ரொம்ப நாளு அந்தப் பணக்காரரு வெச்ச கம்பெனி பேருலயே இருந்துச்சு. நெறைய பேரு வெறுத்துப்போய் டவுனுக்குப் பூட்டாங்க. என் பங்க இவங்க பேருக்கே எழுதணும்டா."

நிலமோ பாகம் பிரிக்காதது. என் கையெழுத்தில்லாமல் எழுத முடியாது. தாலுகா அலுவலகத்தில் ஆயுளைக் கழித்த எனக்கு, ஒரு காரியத்தை நடத்தும் வழிகளைவிட நிறுத்திவைக்கும் வழிகள் நன்றாகத் தெரியும். வில்லங்கச் சான்று பழையது என்றேன். புதிது வந்ததும், புல வரைபடம் தெளிவில்லை என்றேன். எதுவும் பொய்யில்லை, எதுவும் அவசியமுமில்லை. அண்ணனுக்குப் பின் அந்த நிலம் என் மகன்களுக்கு வரும் என்பது மட்டுமே காரணம்.

"ஆபீசரு வந்தாலே ஒரு பேப்பரு கொறையுது" என்று முனியம்மா என் காதுபடவே சொன்னார். இப்படியே ஐந்தாண்டுகள் போயின.

அண்ணன் படுக்கையில் விழுந்தார். ஒரு மாலை நான் போனபோது முனியம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, இன்னும் இன்னா பேப்பரு கொற? சொல்லு, தேடிப் பாக்கச் சொல்றேன்" என்றார் அண்ணன்.

அதில் கேலி இல்லை. ஐந்தாண்டுகளும் நான் சொன்னதை அவர் அப்படியே நம்பியிருக்கிறார்.

நடமாட முடியாதவரின் வீட்டுக்கே சார்பதிவாளர் வந்து பதிவு செய்ய விதியுண்டு. மறுநாளே மனுக் கொடுத்தேன். பாகப்பிரிவினையும் தானப் பத்திரமும் கட்டிலருகே பதிவாயின. நான் கையெழுத்திட்டேன், அண்ணன் ரேகை வைத்தார்.

"பட்டா?" என்றார்.

"நான் வாங்கிக் குடுக்குறேண்ணா."

"நீ கீற வரைக்கும் எனக்கு இன்னா பயம்" என்றார். அதைவிடக் கடுமையாக யாரும் என்னை ஏசியதில்லை.

ஆறு பட்டாக்களும் வந்துவிட்டன. கடைசி நாட்களில் அண்ணனைத் தாங்கிய அந்தக் குடும்பங்களுக்கும், மறுபேச்சுப் பேசாத என் மகன்களுக்கும் நன்றி. இன்று இந்த நினைவுநாள் பந்தியில் நீங்கள் உண்ணும் சோறு அந்த நிலத்து நெல். முனியம்மா மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார். எந்தப் பேப்பரும் கேட்காமல் வாங்கிக்கொண்டேன்.