கத்துகிற சமன்பாடு

என் கணவர் கணித மாஸ்டர். கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ரியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். ரயில் போனால் மேசை ஆடும், மேசையில் இருந்த கணினியும் ஆடும். அந்தக் கணினியில்தான் அவருடைய பிரயோக கணிதப் புத்தகத்தை நான் தட்டினேன். எனக்குத் தட்டச்சு கைவந்த தொழில். கணக்கு மருந்துக்கும் வராது. அவருக்கு நேர்மாறு. எங்களுக்குப் பொருத்தம் பார்த்தவர்கள் இதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

முதல் பக்கத்தைப் பார்த்த உடனேயே மனிதர் தொடங்கிவிட்டார்.

"இஞ்ச பாரும், எழுத்து கதைக்குது, சமன்பாடு கத்துது."

"ரெண்டும் பன்ரெண்டு சைஸ்தானப்பா. கொம்பியூட்டரே சொல்லுது."

"அது சொல்லும். கண் என்ன சொல்லுது?"

கண் அவர் பக்கம்தான் பேசியது. தமிழ் எழுத்துருவில் பன்னிரண்டு ஓர் உயரம், சமன்பாடு எழுதும் பெட்டியில் பன்னிரண்டு இன்னோர் உயரம். வசனத்தின் நடுவே ஒரு x வந்தால், சாப்பாட்டுப் பந்தியில் ஒருவர் மட்டும் எழுந்து நிற்பதுபோல இருந்தது. நின்றால் நிற்கட்டுமே என்றேன். அவர் விடவில்லை. சமன்பாடு பெரிதாக நின்றால் பிள்ளைகள் வசனத்தை வாசிக்காமல் சமன்பாட்டிலிருந்து சமன்பாட்டுக்குப் பாய்ந்துவிடுவார்களாம். ஏன் என்பது வசனத்தில்தான் இருக்கிறதாம். ஏன் என்று தெரியாத பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று என்னிடம் கேட்டார், ஏதோ நான்தான் பாய்ந்து ஓடியவள் மாதிரி.

நான் குறுக்கு வழி ஒன்று பார்த்தேன். சமன்பாட்டின் மூலையை மௌஸால் பிடித்து உள்ளே தள்ளினேன். சின்னதாகிவிட்டது. ஆனால் x இன் தலைக்கு மேலிருந்த குட்டி 2 எறும்பளவாகிவிட்டது. அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். "உது சின்னனாகேல்லை. நசிஞ்சு போச்சு" என்றார். சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. அன்று அவருக்குத் தேத்தண்ணி நானாகப் போட்டுக் கொடுக்கவில்லை.

சரியான வழி, பெட்டிக்குள்ளேயே அளவைக் குறைப்பதுதான். அதிலும் ஒரு தொல்லை. அளவை மாற்றினால் இனி எழுதும் சமன்பாடுகள்தான் மாறும். ஏற்கெனவே எழுதியவை அசையாது. ஒவ்வொன்றையும் தட்டித் திறந்து மூட வேண்டும், அப்போதுதான் அது புது அளவுக்கு இறங்கும். அத்தியாயம் அத்தியாயமாக அதைச் செய்தேன். ஒரு பக்கம் முடிந்ததும் பிரதி எடுத்துக் கணினித் திரையில் சாய்த்து வைப்பேன். அவர் வாசற்படிக்குப் போய், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். எழுத்து ஒன்றும் தெரியாது, பக்கம் மட்டும் சாம்பலாகத் தெரியும். அந்தச் சாம்பலில் எங்கேயும் ஒரு கறுப்பு முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. நிற்கவில்லையென்றால், "இப்ப எல்லாரும் ஒரே குரலில கதைக்கினம்" என்பார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் நான் அவ்வளவும் செய்தேன். அதை அவருக்குச் சொன்னதில்லை.

கடைசியாக எறியங்கள் அத்தியாயம் மட்டும் மிச்சம் இருந்தது. எறிந்த கல் எவ்வளவு உயரம் போகும், எங்கே விழும் என்ற கணக்குகள். ஒரு காலை, இன்னும் அளவு மாற்றாத அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனை வகுப்புக்குப் புறப்பட்டார். எந்த இடமெல்லாம் கத்துகிறது என்று பஸ்ஸில் குறித்துக்கொண்டு வருகிறாராம்.

"வந்து ஏசுறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது எங்கள் வீட்டுப் பகிடி.

அதே பஸ்ஸில் இருந்த எங்கள் ஒழுங்கைப் பெண் ஒருத்திதான் வந்து சொன்னாள். போர்க் காலம், வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கியிருக்கிறார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம், கையில் கோபுரமும் வளைந்து போகும் கோடும் கோணமும் கீறிய கடதாசிகள். "மே கணன் மாத்தயா, லமயின்ட" என்று அவர் தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாராம். இது கணக்கு ஐயா, பிள்ளைகளுக்கு. பஸ்ஸை விட்டுவிட்டார்கள். அவரை விடவில்லை.

பொலிஸுக்குப் போனேன், முகாம்களுக்குப் போனேன், களுபோவில ஆஸ்பத்திரிக்கும் போனேன். எங்கேயும் இல்லை என்றார்கள். முடித்த அத்தியாயங்களை அள்ளிக்கொண்டுபோய்க் காட்டினேன், பாருங்கள், வெறும் கணக்கு என்று. ஓர் அதிகாரி பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். "ஒக்கம கணன் நே" என்றார். எல்லாம் கணக்குத்தானே என்று அவரே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுத் தாள்களை அடுக்கி என் கையில் தந்தார். என் மனிதரைத் தரவில்லை.

பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கியது. அச்சகக்காரர் புத்தகத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மத்தியானம் எறியங்களைத் திறந்தேன். ஒவ்வொரு சமன்பாடாகத் தட்டித் திறந்து மூடினேன், ஒவ்வொன்றும் இறங்கியது. எறிந்த பொருள் எங்கே போய் விழும் என்று சொல்லும் சமன்பாடு வந்தது. அதை மட்டும் தொடவில்லை.

பிரதியைத் திரையில் சாய்த்து வைத்துவிட்டு வாசற்படிக்குப் போனேன். அவர் நிற்கும் இடத்திலேயே நின்றேன். கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கவில்லை. அழுகையில் பக்கம் முழுக்கச் சாம்பலாகத்தான் தெரிந்தது. அந்த ஒன்று மட்டும் முட்டிக்கொண்டு நின்றது.

அச்சகக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். "அக்கா, ஒண்டு மட்டும் பெரிசாக் கிடக்கு. நான் சின்னனாக்கி விடட்டோ?"

"வேண்டாம், கிடக்கட்டும்."

"மாஸ்டர் பாத்தா ஏசுவாரெல்லோ?"

"ஓம்" என்றேன். "ஏசுவார். அதுக்குத்தான்."

போர் முடிந்துவிட்டது. புத்தகம் அதற்குப் பிறகும் அச்சாகிறது. ஒவ்வொரு முறையும் யாராவது கேட்கிறார்கள், ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்கிறேன். அது இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. வந்து ஏசட்டும்.