பார்ட்னரின் முகத்தைப் பார்க்கக் கூடாது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், மணமாகாத ஒரு தமிழ் டீச்சர் சிங்கப்பூரில் ஓர் ஆண்பிள்ளையின் முகத்தை மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார ஓரிடம்தான் இருந்தது. ஜாலான் புசாரில், இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் பிரிட்ஜ் கிளப். சனிக்கிழமை பிற்பகல், மூன்று முதல் ஆறு வரை. நாலாவது கை குறைகிறது என்று அண்ணன்தான் என்னை முதலில் அழைத்துப் போனார். பிறகு நான் அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

பிரிட்ஜில் எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி. எத்தனை பிடி எடுப்போம் என்று ஏலம் கூறுவதையும், கேட்க ஒன்றுமில்லாவிட்டால் 'பாஸ்' என்று விட்டுவிடுவதையும் தவிர பார்ட்னருக்கு வேறெதையும் தெரிவிக்கக் கூடாது. அவர் முகத்திலிருந்து எதையும் தெரிந்துகொள்ளவும் கூடாது. எங்கள் கிளப்பில் அந்தச் சட்டம் படாத பாடு பட்டது. ஒரு பெரியவர் நல்ல சீட்டு வந்தால் தொண்டையைக் கனைப்பார். அந்தச் சளிக்கு அவருடைய பார்ட்னருக்கு மட்டும் பொருள் தெரியும். இன்னொருவர் தோற்றால் சீட்டை மேசையில் அறைந்துவிட்டு, எதிரில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் மேல் பழியைப் போடுவார். அவர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி கேலி செய்வேன். ஆனால் நானும் யோக்கியமில்லை.

என் பார்ட்னர் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. நாகூர்ப் பக்கத்து மரைக்காயர் வீட்டுப் பிள்ளை. நான் சைவ வீட்டுப் பெண். மேலே விளக்க வேண்டியதில்லை. நல்ல சீட்டு வந்தால் அவருடைய இடது புருவம் நெல்லளவு உயரும். மோசமாக வந்தால், மன்னிப்புக் கேட்கிறவர்போல் லேசாகச் சிரிப்பார். இது அவருக்கே தெரியாது, எனக்குத் தெரியும். அந்தப் புருவத்தை நம்பி ஏலத்தை ஏற்றினேன்; ஜெயித்தோம். ஜெயிப்பதற்காகத்தான் பார்த்தேன் என்று சொன்னால் அது பொய்.

ஒரு சனிக்கிழமை, எதிர்க்கட்சியில் ஆடிய ஓய்வுபெற்ற கோர்ட் மொழிபெயர்ப்பாளர் தன் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"டீச்சர், உங்க சீட்டைப் பாருங்க லா. அவரு மூஞ்சியிலயா எழுதியிருக்கு?"

மேசையே சிரித்தது. அடுத்த மேசையிலிருந்த அண்ணன் சிரிக்கவில்லை, திரும்பிப் பார்த்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, எனக்குக் காதெல்லாம் சுட்டது. அண்ணனுக்குச் சந்தேகம் வந்தால் சனிக்கிழமை போய்விடும். சனிக்கிழமை போனால் பார்ட்னரும் போய்விடுவார். அன்றிலிருந்து ஆட்டத்தில் நான் தலை நிமிரவே இல்லை.

வாராவாரம் தோற்றோம். கோப்பி குடிக்கும்போது ஒருநாள் அவர் மெல்லக் கேட்டார்.

"என் மேல கோபமா, டீச்சர்?"

"கோபமெல்லாம் இல்ல, பார்ட்னர். ரூல் அதுதானே."

"ரூல் சரிதான்" என்றவர், கோப்பியைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார்.

சில மாதங்களில் கம்பெனி அவரைப் பினாங்குக்கு மாற்றியது. கடைசிச் சனிக்கிழமை, கடைசி ஆட்டம். ஏலம் அவர் முறைக்கு வந்தது. சட்டென்று சொல்கிற மனிதர், அன்று வாயைத் திறக்கவில்லை. "சீக்கிரம் சொல்லுங்க தம்பி" என்று மொழிபெயர்ப்பாளர் அவசரப்படுத்தினார். பார்ட்னர் யோசிக்கும்போது அவரைப் பார்ப்பது இருப்பதிலேயே பெரிய குற்றம். போதாததற்கு அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். கையிலிருந்த டைமண்ட் ராணியையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாஸ்" என்றார்.

பினாங்கிலேயே அவருக்குக் கல்யாணம் ஆனதாக அண்ணன் பிறகு சொன்னார். எனக்கும் ஆயிற்று, கட்டியவர் தங்கமான மனிதர். இருந்தாலும் அந்த முகத்தை ஒரே ஒரு தடவை பார்க்கக் கிடைக்காதா என்று மனம் இன்றும் ஏங்குகிறது. அவ்வளவு நேரம் அவர் சீட்டைத்தான் யோசித்தாரா, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாரா? நிமிர்ந்திருந்தால் தெரிந்திருக்கும். கிளப்பே திருட்டாட்டம் ஆடிய காலத்தில், அந்தக் கடைசி நாளிலும் நான் ஒழுங்காக ஆடித் தொலைத்தேன்.