மேசைக்கு இந்தப் பக்கத்துச் சீட்டு

நான் டாரட் சீட்டைத் தப்பாகப் படிக்கிறேனாம். இலங்கை மலையகத்து எல்ல ஊரில் நாலு பேர் சொல்லிவிட்டார்கள். சொல்லட்டும். எப்படிக் கற்றாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எல்லவில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை கூட்டி, படுக்கை விரிக்கும் வேலை எனக்கு. வீடு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை அறைகளில் ஒன்று. வருஷா வருஷம் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து மாதக்கணக்கில் தங்குவார். காலையில் விறாந்தை மேசையில் சீட்டுகளை விரித்து, வாய்விட்டுப் பலன் சொல்லிக்கொண்டே தனக்குத்தானே பார்ப்பார். மார்செய் என்ற பிரெஞ்சு ஊரின் பழைய மாதிரிக் கட்டு அது. சீட்டு நேராக விழுந்தால் ஒரு பலன், தலைகீழாக விழுந்தால் அதற்கு எதிரான பலன். தேத்தண்ணியை வைத்துவிட்டு மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். பிறகு எதிர்க் கதிரையில் உட்காரச் சொன்னார். ஊருக்குப் போகும்போது ஓரம் தேய்ந்த அந்தக் கட்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

வேறு யாராவது என்றால் சுற்றிப்போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்திருப்பார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. தோட்டத்தில் பிறந்தவளுக்கு மேசை என்றால் இரண்டு பக்கம். அந்தப் பக்கம் கதிரையில் யாரோ ஒருவர், இந்தப் பக்கம் நின்றபடி நாங்கள். பெரட்டுக்களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்திலும் அப்படித்தான், ஆபீசிலும் டிஸ்பென்சரியிலும் அப்படித்தான். எதிரே விரித்திருக்கும் தாளைத் தலைகீழாகவே படித்துவிட என் அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆக, அந்தப் பெண்மணிக்கு நேராக இருந்த சீட்டை நான் தலைகீழாகப் பார்த்தேன். அவருக்குத் தலைகீழாக இருந்தது எனக்கு நேர். பலனை அவர் வாயிலிருந்து எடுத்து, படத்தை என் கண்ணிலிருந்து எடுத்து, இரண்டையும் சேர்த்து மனசில் போட்டுக்கொண்டேன்.

சக்கரவர்த்தி என்று ஒரு சீட்டு. கால் மேல் கால் போட்டு, செங்கோலை நீட்டிக்கொண்டு இருப்பான். எனக்கு அவன் தோட்டத்துத் துரைதான். என் பக்கம் அவன் நிமிர்ந்து உட்கார்ந்த போதெல்லாம் அந்தப் பெண்மணி, "அதிகாரம் ஆட்டம் காண்கிறது" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் துரை விழப்போகிறான் என்று நான் படித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பலன் எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

இன்னொருவன் தொங்குகிறவன். கவ்வாத்து வெட்டிய மாதிரி மொட்டையாக இருக்கும் இரண்டு மரங்களுக்கு நடுவே, ஒற்றைக் காலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். சீட்டைத் திருப்பினால் ஒற்றைக் காலில் ஆடுகிறவன் போல இருப்பான். என் கணக்கில் தொங்குகிறவனுக்குக் கட்டு அவிழும், ஆடுகிறவன் அகப்பட்டுக்கொண்டவன். சம்பள நாளில் குடித்துவிட்டு லயத்து வாசலில் ஆடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதில் என்ன சந்தேகம் வரும்?

விருந்தாளிகளுக்கு நான் சீட்டுப் பார்ப்பதை முதலாளியம்மா கண்டார். "இனிமே ரூம் வேல வேணாம். நீ ஜன்னலோரமா உக்காந்து இதையே பாரு" என்றார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மேசைக்கு அந்தப் பக்கத்துக் கதிரை எனக்குக் கிடைத்தது. அந்தக் கதிரை எனக்கு உயிர்.

போன சீசனில் ஊர் ஊராகப் போய் டாரட் கற்றுக்கொடுக்கும் ஒரு வெள்ளைக்காரர் வந்து உட்கார்ந்தார். அவருக்கு வந்தது ஆடுகிறவன். அகப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றேன். சிரித்துவிட்டு, நீ எதிர்ப்பக்கத்திலிருந்து கற்றிருக்கிறாய், உன் பலன்கள் எல்லாம் மாறிக் கிடக்கின்றன என்றார். இந்தப் பழைய கட்டில் காசுப் படம் போட்ட சீட்டுகள் பல எப்படித் திருப்பினாலும் ஒன்று போலத்தான் இருக்கும், தலைகீழ்ப் பலனே பார்க்காதவர்களும் உண்டு என்றும் சொன்னார். நல்ல மனுஷன், நல்லதாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் எரிந்தது. பக்கத்தில் நின்ற முதலாளியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளைக்காரர் போனதும் முதலாளியம்மா என்னிடம் வந்தார்.

"கேட்டியா? எல்லாச் சீட்டையும் நிமித்தி அடுக்கு. நல்லதா நாலு வார்த்த சொல்லு. லீவுக்கு வர்றவங்களுக்குத் தலகீழெல்லாம் எதுக்கு?"

"முடியாதுங்க."

"முடியாதுன்னா மறுபடி ரூம் கூட்டப் போ."

மாற்றிக் கற்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு கிழமை போதும். ஆனால் கதிரையைத் தருகிறேன், கண்ணை மாற்றிக்கொள் என்றால் எப்படி? எந்தப் பக்கம் நேர் என்று முடிவு செய்ததே கதிரையில் இருந்தவர்கள்தானே. நின்று பார்த்தவர்களுக்கும் கண் இருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

முதலாளியம்மா விடவில்லை. எதிரே உட்கார்ந்து, "சரி, எனக்கு ஒண்ணு பாரு. பாத்துச் சொல்லு" என்று ஒரு சீட்டை உருவி வைத்தார். சக்கரவர்த்தி, என் பக்கம் நிமிர்ந்து.

"ஒம் பக்கம் நேராத்தானே இருக்கான்? சொல்லு, சொல்லு."

கதிரை போகும் என்று எனக்குத் தெரியும். ரூம் வேலையும் சேர்ந்தே போகும்.

"இவரு விழப்போறாருங்க" என்றேன்.

"எந்திரி" என்றார். எழுந்தேன். கட்டு என்னுடையது, எடுத்துக்கொண்டேன்.

இப்போது ரயில் பாதையோரம், அத்தை சோளம் அவித்து விற்கும் கடைக்குப் பக்கத்தில் சீட்டுப் பார்க்கிறேன். இரண்டு பெட்டிமேல் ஒரு பலகை, அதுதான் மேசை. முன்னால் தேயிலைச் சரிவு, கதிரை போட இடம் கிடையாது. அதனால் வருகிறவர்களும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பக்கத்திலிருந்து பார்க்கிறோம். தப்பு என்று எழுந்து போகிறவர்கள் போகிறார்கள்.

போன கிழமை கொழுந்தெடுத்து முடித்துவிட்டு அம்மா வந்தார். வந்தவர் பலகைக்கு அந்தப் பக்கம், சரிவில் காலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஏம்மா அங்க நிக்கிறீங்க? இங்க வந்து உக்காருங்க."

"இருக்கட்டும். இங்கருந்தே தெரியுது."

"தெரியும்மா. எனக்கும் தெரியும். வாங்க."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அம்மா சுற்றி வந்து, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சக்கரவர்த்தி பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கறை படிந்த விரலால் அவனைத் தொட்டுப் பார்த்தார்.

"நேரா இருக்கானே. என்ன பலன்?"

"விழப்போறான்மா."

அம்மா யோசிக்கவே இல்லை.

"விழட்டும்" என்றார்.