அவருக்கு நார்மல்

என் ஓர்ப்படிக்கு நாங்கள் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். என் கணவருடைய தம்பியின் மனைவி அவள். சட்டை தைக்கும் கம்பெனியில் இருபது வருடம் செக்கிங் மேசையில் நின்றவள். தைத்து வரும் சட்டையை ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்து, காலர், கை, காஜா என்று விரலை ஓட்டிக்கொண்டே போவாள். தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். அதே தளத்தில் நான் இஸ்திரிப் பிரிவு. தையல்காரிகள் அவளைத் திட்ட முடியாமல் என்னைத் திட்டுவார்கள்.

வீட்டில் அவள் பரிசோதித்தது புருஷனை மட்டும்தான். என் கொழுந்தனார் கனத்த ஆள், சிகரெட் வேறு. அவர்கள் அப்பா ஐம்பத்தொரு வயதில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போனவர். தம்பிக்குக் கொழுப்பு எகிறியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து இவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தாள். சட்டைப் பையை முகர்ந்து பார்ப்பாள். மாத்திரையை விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லுவாள்.

"டேய், உனக்கு வாய்ச்சது பொண்டாட்டி இல்லடா, ஜெயிலர்" என்பார் என் கணவர்.

"ஜெயில்லயாவது உயிரோட இருக்கட்டும் மாமா" என்பாள் அவள்.

அவள் நெஞ்சைப் பற்றி யாருக்கு என்ன கவலை? நாற்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை. அவருடைய ரிப்போர்ட்டெல்லாம் ஒரு தடித்த ஃபைலில் இருந்தது. இவள் பெயரில் ஒரு தாள்கூட வீட்டில் இல்லை.

கொதிப்பு இல்லை என்றேன். ஒரு காலத்தில் இருந்தது. இரண்டு பிரசவத்திலும் ஏழாம் மாதத்திலேயே கால் வீங்கி, முகம் ஊதி, தலைவலி மண்டையைப் பிளந்தது. இரண்டாவது பெண்ணை மாதம் நிறையும் முன்பே அறுத்து எடுத்தார்கள். இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் நான்தான். ஒன்றரை மாதத்தில் பிபி இறங்கிவிட்டது. "பிரசவத்தோட போச்சு, இனி கவலையில்ல" என்று நர்ஸ் சொன்னதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு இருபது வருடம் வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, தாடையும் முதுகின் மேல்பக்கமும் வலிக்கிறது என்றாள். பல்லாக இருக்கும் என்று நான்தான் ஒரு வலி மாத்திரை கொடுத்தேன். மறுநாள் காலை வழக்கம்போல் அவரை நடக்கக் கூட்டிப்போனாள். அரைமணியில் கீழே அவர்கள் வீட்டிலிருந்து "அக்கா!" என்று கூப்பாடு. ஓடினேன். தெரு மேட்டில் ஏறும்போது அவருக்குப் படபடவென்று வந்துவிட்டதாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள்தான் ஃபைலை எடுத்து, டாக்சியை நிறுத்தி, இரண்டு தெரு தள்ளியிருந்த நர்சிங் ஹோமில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

ஃபைலைப் பார்த்ததுமே நர்ஸ் அவரைக் கட்டிலில் படுக்கவைத்து ஈசிஜி ஒயர்களை மாட்டினாள். இவள் வெளியே பெஞ்சில் அவருடைய செருப்பையும் கைக்கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகம் வெளுத்து, ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது.

"என்னடி இப்படி வேர்க்குது?"

"ஓடி அலைஞ்சேன்லக்கா. மூச்சு வாங்குது. நீங்க உள்ள போய் அவரைப் பாருங்க."

போனேன். மடச்சி, போனேன்.

நர்ஸ் தாளைக் கிழித்தாள். "சாருக்கு நார்மல். அம்மாகிட்ட சொல்லுங்க, பாவம், ரொம்பப் பயந்திருக்காங்க."

சொல்ல வெளியே வந்தேன். சுவரில் சாய்ந்தபடி அப்படியே சரிந்து கிடந்தாள். அவரை எழுப்பிவிட்டு அதே கட்டிலில் அவளைக் கிடத்தி முக்கால் மணிநேரம் நெஞ்சை அமுக்கினார்கள். பலனில்லை.

ஏன் இப்படி ஆனது என்று டாக்டருக்கும் புரியவில்லை. சிகரெட்டா, சர்க்கரையா, அவள் பிறந்த வீட்டில் யாருக்காவது நெஞ்சுவலி இருந்ததா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் கொழுந்தனார் இல்லை, இல்லை என்று தலையாட்டினார்.

"பிரசவத்துல பிபி ஏறியிருந்துதா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு தடவையும்" என்றேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பிபி இறங்கிடும்மா. ஆனா அப்படி வந்தவங்களுக்குப் பின்னாடி இதய நோய் வர வாய்ப்பு அதிகம். வருஷா வருஷம் பாத்திருக்கணும். இத்தனை வருஷத்துல யாருமே இதைக் கேக்கலையா?"

கேட்டார்கள். நான்கு வருடம் முன்பு கம்பெனியில் மருத்துவ முகாம். படிவத்தில் ஆமாம் என்று எழுதியவர்களை டாக்டர் அறைக்கு அனுப்பினார்கள், மற்றவர்களுக்கு எடையும் கண்ணும் பார்த்ததோடு சரி. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அவள் படிவத்தையும் நானே நிரப்பினேன். எப்போதாவது ரத்தக்கொதிப்பு இருந்ததுண்டா என்ற இடம் வந்தது. "ரெண்டு பிரசவத்துலயும் இருந்துச்சே, எழுதணுமாக்கா?" என்று கேட்டாள். டாக்டர் அறை வாசலில் முப்பது பேர் நின்றார்கள். கம்பெனி பஸ் கிளம்பப் போகிறது. "அது பிரசவத்தோட போச்சுடி" என்று சொல்லி, இல்லை என்று எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

"யாரும் கேக்கல டாக்டர்" என்றேன்.

கொழுந்தனார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் அண்ணி அவளுக்கு அம்மாவா இருந்தீங்க" என்று சொல்லி உடைந்து அழுதார். கையை விடுவித்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.